சைலன்சரை மாற்றினோம், ஸ்பிரிங் கணக்குக் கேட்டது



இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் தாமான் சாலையில் ஒரு கார் உறுமிக்கொண்டு போகிறது. தொட்டிலில் கிடந்த குழந்தை விழித்துக்கொள்கிறது. "எந்த வீட்டுப் பிள்ளையோ!" என்று முணுமுணுத்தபடி நீங்கள் ஜன்னலைச் சாத்துகிறீர்கள். சில வீடுகளில் அந்த உறுமல் நம் வாசலிலேயே வந்து நின்றுவிடும். ஏனென்றால் அது நம் வீட்டுப் பிள்ளைதான்.

அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதற்காக நான் பேனா எடுக்கவில்லை. என் தங்கை மகனுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வந்தேன். அதில் பாதிக் குற்றம் அவனுடையது. மீதிப் பாதி என்னுடையது. அவன் பாதியை அவனே பார்த்துக்கொள்வான். என் பாதியை உங்களிடம் சொல்லிவிட்டால் என் மனமும் கொஞ்சம் ஆறும். உங்களில் யாருக்காவது ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளியும் மிச்சமாகும்.

நான் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் கை கறுத்தவன். 1978-ஆம் ஆண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, 2010-இல் போமனாக வெளியே வந்தேன். பால் தொட்டி இழுத்த டிராக்டர், செம்பனைக் குலை ஏற்றிய லோரி, கரண்டு கொடுத்த டீசல் எஞ்சின் எல்லாம் என் கை பட்டவை. ஆகவே எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு வண்டி இருமினாலும் என்னைத்தான் கேட்பார்கள். "மாமா சொல்லிட்டாரு" என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்கை மகன் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வாரம் ஒருமுறை ஈப்போவுக்கு வருவான். 2013-இல் அவன் ஒரு பழைய ஜப்பானியக் கார் வாங்கினான். 1998-இல் செய்த டர்போ வண்டி. காரின் பெயர் வேண்டாம். குற்றம் காரில் இல்லை. வண்டி வாங்க என் தங்கை தன் சேமநிதிப் பணத்தில் எட்டாயிரம் வெள்ளி எடுத்துக் கொடுத்தாள். பதினாறு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவளின் பணம் அது.

மறு ஆண்டு பொங்கலுக்கு வந்தபோது, அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மாமா, எக்சோஸை முழுசா மாத்தலாம்னு இருக்கேன். டர்போவுக்குப் பின்னாடி இருந்து கடைசி வரைக்கும் பெரிய குழாய். எஞ்சினுக்கு ஒன்னும் ஆகாதே?"

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "என்னடா ஆகும்? புகை போக வழி விட்டா எஞ்சின் லேசாத்தான் ஓடும். சத்தம் மட்டும் பாத்துக்க. ஜே.பி.ஜே. பிடிச்சா என் பேரைச் சொல்லாதே" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். தங்கை தோசை சுட்டுக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா சொல்லிவிட்டார். முடிந்தது விஷயம்.

நான் சொன்னது பொய்யில்லை. அதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். புகைக்கு வழி விட்டால் எஞ்சின் லேசாக ஓடுவது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. என் தொழிலில் முழுப் பொய் சொல்பவனைச் சீக்கிரம் பிடித்துவிடலாம். பாதி உண்மை சொல்பவனைப் பிடிப்பதற்குள் எஞ்சின் போய்விடும்.

ஈப்போவில் ஒரு கடையில் குழாயை மாற்றினார்கள். அதே கடையில், எஞ்சினின் வேகத்துக்குக் கம்பெனி வைத்திருந்த கட்டுப்பாட்டையும் உயர்த்திக் கொடுத்தார்கள். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முன்பு 6000 சுற்றைத் தாண்டினால் மூச்சு வாங்கிய எஞ்சின், இப்போது 7500 வரை ஏறியது. "மாமா, வேற காடி மாதிரி இருக்கு!" என்று தொலைபேசியில் குதித்தான். எனக்கும் பெருமைதான்.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. தன் தாயையும் ஏற்றிக்கொண்டு பிறைக்குப் புறப்பட்டான். ஒரு வாரம் மகனோடு இருந்து சமைத்துப் போடப் போனாள் அவள். ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்துக்குப் போகும் ஏற்றம் உங்களில் பலருக்குத் தெரியும். பாரம் ஏற்றிய லோரிகள் இடப்பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றை முந்துவதற்காகக் கியரைக் குறைத்து மிதித்தான். எஞ்சின் அலறியது. தலைப்பகுதியில் டக் டக்கென்று ஏதோ தட்டியது. பிறகு ஒரு வெடி. அதோடு எஞ்சின் நின்றது.

ஏற்றத்தில், இருட்டில், வலப்பாதையில் செத்த வண்டி. பின்னால் விளக்குகள் வந்துகொண்டே இருந்தன. கார் முழுதாய் நிற்பதற்குள் எப்படியோ இடது ஓரத்துக்குச் சாய்த்துவிட்டான். ஒரு லோரி ஹாரன் அடித்தபடி காரைத் தொட்டுவிடும் தூரத்தில் கடந்து போனது என்று தங்கை பிறகு சொன்னாள். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இந்தப் பத்தியை எழுதும்போதும் என் கை சும்மா இருக்க மறுக்கிறது, வாசகர்களே.

இழுத்து வந்த வண்டியை நான் அந்தக் கடைக்கு அனுப்பவில்லை. எனக்குப் பல ஆண்டு பழக்கமான ஒரு சீனப் பெரியவரிடம் கொண்டு போனேன். எஞ்சின் தலையை மட்டுமே கடைந்து, அரைத்து, சீர்செய்பவர் அவர். வேறு வேலை செய்யமாட்டார். தலையைக் கழற்றி மேசையில் வைத்தோம். மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வின் தலை தண்டோடு இல்லை. ஒடிந்து விழுந்து, பிஸ்டனைக் குதறியிருந்தது. ஒடிந்தது எந்த வால்வு தெரியுமா? புகை போகும் எக்சோஸ் வால்வு என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வு!

"நாம் மாற்றியது பின்பக்கம். உடைந்தது முன்பக்கம். இது எப்படி?" என்று கேட்டேன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. பதினாறு வால்வுகளின் ஸ்பிரிங்குகளையும் கழற்றி, மேசைமேல் வரிசையாக நிற்க வைத்தார். பிரட்டுக்கு நிற்கும் ஆட்களைப்போல் அவை நின்றன. ஒன்றுகூட இன்னொன்றின் உயரத்தில் இல்லை. எஞ்சின் புத்தகம் சொன்ன உயரத்தைவிடச் சில 2 மில்லிமீட்டர் வரை குட்டை. பிறகு, வீட்டில் நாம் எடை பார்க்கும் தராசு ஒன்றைத் துளைபோடும் இயந்திரத்தின் அடியில் வைத்தார். அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, எஞ்சினுக்குள் அது எந்த உயரத்தில் அமர்ந்திருக்குமோ அந்த உயரம் வரை அமுக்கினார். தராசு எத்தனை கிலோ காட்டுகிறதோ அதுதான் ஸ்பிரிங்கின் பலம். பதினாறையும் அப்படி நிறுத்தார். ஒன்றுகூடத் தேறவில்லை.

அன்று அந்த மேசையில் நான் கற்றதைத்தான் இனி சொல்கிறேன். எஞ்சின் பற்றித் தெரியாத தாய்மார்களும் கூடவே வாருங்கள். கடினமில்லை.

உங்கள் வீட்டுப் பின்கதவில், தானாகச் சாத்திக்கொள்வதற்கு ஒரு ஸ்பிரிங் போட்டிருப்பீர்கள். வால்வு என்பது அப்படி ஒரு கதவு. கேம் என்னும் மேடு அதைத் தள்ளித் திறக்கும். மூடுவது கேமின் வேலை இல்லை. மூடுவது முழுக்க முழுக்க ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் 6000 சுற்று ஓடும்போது ஒரு வால்வு நிமிடத்திற்கு 3000 தடவை, அதாவது ஒரு நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. நாம் "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் ஐம்பது தடவை!

வேகம் கூடினால் ஸ்பிரிங்கின் சுமை வேகத்தின் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்குக் கூடும். 6000-லிருந்து 7500 என்பது ஒன்றேகால் மடங்குதான். ஆனால் பறக்கும் வால்வைத் திருப்பி இழுக்க வேண்டிய பலமோ ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தப் பலம் ஸ்பிரிங்கில் இல்லையென்றால், வால்வு கேமை விட்டுவிட்டு அந்தரத்தில் மிதக்கும். பிறகு நேரம் தவறி இறங்கி, தன் இருக்கையில் சுத்தியலைப்போல் அடித்து எகிறும். காற்று ஓட்டத்துக்காக இன்லெட் வால்வைப் பெரும்பாலும் பெரிதாகச் செய்வார்கள். பெரிதென்றால் கனம். கனமானதுதான் முதலில் கைமீறும்.

இதுவரை சொன்னது எல்லா எஞ்சினுக்கும் பொது. டர்போ எஞ்சினில் இன்னொரு சங்கதி சேர்கிறது. டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சிறு காற்றாலை. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் சுற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது அது. ஆல்பிரட் பூகி என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர் 1905-ஆம் ஆண்டே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வீணாய்ப் போகும் புகையை வேலை வாங்கும் நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் காற்றாலை புகைக்கு ஒரு தடுப்பாகவும் நிற்கிறது. ஆகவே டர்போ எஞ்சினில் இரு பக்கமும் அழுத்தம். முன்பக்கம் திணிக்கப்பட்ட காற்று; பின்பக்கம் வழி கிடைக்காமல் நிற்கும் புகை.

இப்போது கதவை நினைத்துக்கொள்ளுங்கள். வால்வு சிலிண்டருக்குள் இறங்கித் திறக்கும். மேலே ஏறி மூடும். எனவே சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் அதை மூடி வைக்க உதவும். குழாய்ப் பக்கம் இருக்கும் அழுத்தம் அதைத் திறக்கவே பார்க்கும். இன்லெட் வால்வின் முதுகில் டர்போ காற்று அழுத்துகிறது. எக்சோஸ் வால்வின் முதுகில் புகை அழுத்துகிறது. இரண்டையும் தடுத்து நிற்பது ஸ்பிரிங்.

ஒரு கணக்குப் போடுவோம். 30 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வால்வின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர சென்டிமீட்டர். டர்போ காற்று அரை பார் என்றால் சுமார் மூன்றரைக் கிலோ அந்த வால்வைத் தள்ளுகிறது. ஒரு பார் என்றால் 7 கிலோவுக்கும் சற்று மேல். அதை மூடி வைத்திருக்கும் ஸ்பிரிங்கின் பலம் 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், சிலிண்டருக்குள் எதிர் அழுத்தம் இல்லாத நேரத்தில் அதில் 7 கிலோ காற்றுக்கே போய்விடுகிறது. மிச்சம் 11 கிலோவை வைத்துக்கொண்டுதான் அது நொடிக்கு ஐம்பது, அறுபது தடவை கதவைச் சாத்த வேண்டும். ஸ்பிரிங்கும் பதினாறு வருஷக் கிழம் என்றால் கேட்க வேண்டாம்.

இனி எக்சோஸ் குழாயை மாற்றும்போது நடப்பதைப் பாருங்கள். டர்போவின் காற்றாலைக்கு முன்னால் எத்தனை அழுத்தம், பின்னால் எத்தனை அழுத்தம் என்ற விகிதத்தில்தான் அது வேலை செய்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, முன்னால் 2.4 பார், பின்னால் 1.4 பார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய குழாய் போட்டுப் பின்பக்கத்தை 1.1 பாராகக் குறைத்தால், அதே விகிதத்துக்கு முன்னால் ஏறக்குறைய 1.9 பார் போதும். பின்னால் 0.3 குறைத்தோம், முன்னால் 0.5 குறைந்தது! எக்சோஸ் வால்வின் முதுகில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. பொங்கலன்று நான் சொன்ன பாதி உண்மை இதுதான்.

மறுபாதி இனிமேல்தான். வழி கிடைத்த டர்போ முன்னைவிடச் சீக்கிரம் வேகம் பிடிக்கும். அளவுக்கு மேல் காற்று ஏறாமல் இருக்க, வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு புகையின் ஒரு பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கதவைக் கம்பெனி பழைய குழாய்க்குத் தகுந்த அளவில்தான் செய்திருக்கும். புதிய ஓட்டத்துக்கு அது போதாமல் போனால் காற்றின் அழுத்தம் தானாக மேலே ஏறும். இன்லெட் வால்வின் முதுகில் பாரம் கூடும். அதே சமயம், புகை வெளியேறும் நேரத்தில் சிலிண்டருக்குள் நின்று இன்லெட் வால்வை மூடிப் பிடித்துக்கொண்டிருந்த அழுத்தமும் குறைந்துவிட்டது. பின்கதவில் இருந்து இறக்கிய மூட்டையின் ஒரு பங்கை முன்கதவின் தலையில் வைத்துவிட்டோம்.

அதோடு போகவில்லை. பழைய சைலன்சர் 6000 சுற்றில் எஞ்சினின் மூச்சை அடைத்ததே, அது ஒரு வகையில் கடிவாளம். ஓட்டுகிறவன் அதற்கு மேல் மிதிப்பதில் சுகம் இல்லாமல் கியரை மாற்றிவிடுவான். கடிவாளம் போனபின் அவன் கால் தானாகவே 7500-க்குப் போகும். ஆக, அதிகக் காற்று, அதிக வேகம், கிழட்டு ஸ்பிரிங் மூன்றும் மெனோரா ஏற்றத்தில் ஒன்றாகச் சந்தித்தன. இன்லெட் வால்வு இருக்கையில் அடித்து அடித்து, கழுத்தில் களைத்து ஒடிந்தது.

பெரியவர் இதை விளக்கி முடித்ததும் எனக்கு வெட்கம் வந்தது. தெரியாததால் வந்த வெட்கம் இல்லை. தெரிந்திருந்தும் யோசிக்காததால் வந்த வெட்கம்.

தோட்டத்து லோரிகளில் எக்சோஸ் பிரேக் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். இறக்கத்தில் ஓட்டுநர் அதை இழுத்ததும் "புஸ்" என்று சத்தம் கேட்கும். புகைக்குழாயில் ஒரு தகட்டை மூடி, புகையை எஞ்சினுக்குள்ளேயே தேக்கி, வண்டியின் வேகத்தை அடக்கும் ஏற்பாடு அது. அந்தத் தகட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். 1988-இல், ஓட்டுநர் ஒருவர் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னார். நானும் வெல்டிங் கம்பியை எடுத்துவிட்டேன். அப்போது எங்கள் பெரிய போமன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடைக்காதடா! தேங்குற புகை எக்சோஸ் வால்வு முதுகுல ஏறும். ஸ்பிரிங் தாங்குற அளவுக்குத்தான் கம்பெனிக்காரன் ஓட்டை வச்சிருக்கான். அதை அடைச்சா, காத்து இழுக்குற சிலிண்டருல வால்வு தானா திறந்துக்கும். அப்புறம் பிஸ்டன் ஏறி வந்து முட்டும்" என்றார்.

புகையின் அழுத்தத்துக்கும் வால்வு ஸ்பிரிங்குக்கும் உள்ள உறவு எனக்கு அன்றே சொல்லப்பட்டுவிட்டது. இருபத்தாறு வருஷம் கழித்து என் தங்கை மகன் கேட்டபோது அந்தப் பாடம் என் நினைவுக்கு வரவில்லை. லோரிப் பாடம் லோரியோடு, கார்ப் பாடம் காரோடு என்று தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன்.

சரி, பழுது பார்த்த கதைக்கு வருவோம். "நல்ல கடினமான பந்தய ஸ்பிரிங்காகப் போட்டுவிடுங்கள், இனிமேல் தொல்லை வேண்டாம்" என்றான் பையன். பெரியவர் தலையை ஆட்டினார். அளவுக்கு மீறிக் கடினமான ஸ்பிரிங் போட்டால், அது கேமின் மேட்டை அரைத்துத் தின்னும். அதைச் சுற்றும் பெல்ட்டுக்கும் பாரம். ஸ்பிரிங்கின் அடியில் வாஷரைப் போட்டு இறுக்குவதும் கண்மூடித்தனமாகச் செய்யக்கூடாது. வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றை ஒன்று தொட்டு இறுகிவிட்டால், அங்கேயும் உடைப்புத்தான். மூடியிருக்கும்போது எத்தனை கிலோ, முழுதாகத் திறக்கும்போது எத்தனை கிலோ, சுருளுக்குச் சுருள் எத்தனை இடைவெளி என்ற மூன்றையும் அளந்து, ஏறப்போகும் காற்றுக்கும் வேகத்துக்கும் பொருந்துகிற ஸ்பிரிங்கைத்தான் போட வேண்டும்.

எக்சோஸ் வால்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டர்போ பெட்ரோல் எஞ்சினில் புகையின் சூடு 900 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டின் பெரும்பகுதியை வால்வு தன் இருக்கையில் அமரும் நேரத்தில்தான் தலைக்கு இறக்கி வைக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்து வால்வு சரியாக உட்காராவிட்டால், இறக்கி வைக்க நேரமில்லாமல் அது கருகும். ஆகவே ஸ்பிரிங் கதவை மூடுவது மட்டுமில்லை, கதவைக் காப்பாற்றவும் செய்கிறது.

உலகத்துப் பெரிய பொறியாளர்களும் இந்த ஸ்பிரிங்கிடம் மாட்டியவர்கள்தான். பார்முலா ஒன் பந்தயத்துக்கு 1977-இல் டர்போ எஞ்சினைக் கொண்டுவந்தது ரெனோ கம்பெனி. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது எஃகு ஸ்பிரிங் ஈடுகொடுக்கவில்லை. 1986-இல் அவர்கள் தங்கள் டர்போ எஞ்சினில் எஃகு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு, அடைத்த வாயுவின் அழுத்தத்தால் வால்வை மூடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அத்தனை பணமும் மூளையும் உள்ளவர்களே கதவை மூடும் வேலைக்கு அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள்.

எங்கள் செலவு மூன்றாயிரத்து எண்ணூறு வெள்ளியில் முடிந்தது. அதில் பாதியை நான் கொடுத்தேன். தங்கை வேண்டாம் என்றாள். "என் பாதிக் குற்றத்துக்கு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பிறகு உட்கார வைத்து, உங்களுக்குச் சொன்னதுபோல் பின்கதவைக் காட்டி விளக்கினேன். கேட்டுவிட்டு, "அண்ணே, அவன் கேட்டப்ப தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு காலத்தில் டர்போ என்பது பந்தயப் பைத்தியம் பிடித்தவர்களின் விஷயமாக இருந்தது. 1994-இல் கஞ்சில் வந்த பிறகு, அதற்குள் ஜப்பானிய 660 சிசி டர்போ எஞ்சினை இறக்கி ஓட்டிய பையன்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். இப்போது அப்படியில்லை. 2018-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்70, 2020-இல் வந்த எக்ஸ்50, 2021-இல் வந்த பெரோடுவா அத்திவா எல்லாம் டர்போ வண்டிகள்தாம். பிள்ளையைப் பள்ளிக்கு விடும் காரிலேயே டர்போ இருக்கிறது. ஆகவே நான் சொல்வது உங்கள் வீட்டு வாசலுக்கும் பொருந்தும்.

நாளை உங்கள் மகனோ மருமகனோ எக்சோஸை மாற்றக் காசு கேட்டால், உடனே "கூடாது" என்று கத்தாதீர்கள். கத்தினால் தெரியாமல் மாற்றுவான். உட்கார வைத்துக் கேளுங்கள். குழாயை மாற்றிய பின் டர்போ காற்று எத்தனை ஏறுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்களா? வேஸ்ட்கேட் அதைத் தாங்குமா? எஞ்சின் வேகத்தின் கட்டுப்பாட்டை யாராவது உயர்த்துகிறார்களா? வால்வு ஸ்பிரிங்குகளுக்கு வயது என்ன, அவற்றை யாராவது நிறுத்துப் பார்த்தார்களா? ஜே.பி.ஜே. விதிக்கு உட்பட்ட குழாய்தானா? இந்த ஐந்துக்கும் கடைக்காரர் பதில் சொன்னால் நல்ல கடை. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொன்னால், அது நான் பொங்கலன்று சொன்ன அதே பதில். பணத்தைப் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

தங்கை மகன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தப் பழைய கார் இன்னும் அவனிடம் இருக்கிறது. பெரிய குழாயைக் கழற்றவில்லை, சத்தத்தைத்தான் குறைத்துவிட்டான். காற்றை அளவோடு வைத்து, வேகத்தின் கட்டுப்பாட்டைப் பழைய இடத்துக்கே இறக்கி, புது ஸ்பிரிங்கில் ஓட்டுகிறான். எந்தப் பையன் வந்து எக்சோஸ் பற்றிக் கேட்டாலும், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குட்டை ஸ்பிரிங்கை எடுத்து, ஒரு புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறானாம். மேசையில் வரிசையாக நின்ற பதினாறில் ஒன்று அது.

இன்னொன்று என்னிடம் இருக்கிறது. குடும்பத்தில் யாராவது வண்டியைப் பற்றி யோசனை கேட்டு வந்தால் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். சில நாட்களில், "எனக்குத் தெரியல தம்பி, விசாரிச்சுச் சொல்றேன்" என்று அதை உருட்டிக்கொண்டே சொல்லியும் விடுகிறேன்.